கடிகாரம் பார்க்கும் நோய்

"மேற்படி நபர், வயது நாற்பத்து மூன்று, மனச்சிதைவு நோய்க்குத் தொடர் சிகிச்சையில் இருப்பவர். புறவுலகோடு இவருக்குள்ள தொடர்பு அவ்வப்போது அறுபடக்கூடியது. காலம், இடம் குறித்த இவரது கணிப்பு ஐயத்துக்குரியது. முனைப்பு குறைவு. நுண்ணிய கவனம் வேண்டும் பணிகளுக்கு ஏற்றவர் என்று சொல்வதற்கில்லை."

பணியிடத்துக்கு அனுப்புவதற்காக மருத்துவமனையில் தயாரான சான்றிதழில் இப்படி எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்த வாசகம் தட்டச்சான அதே காலையில், முனைப்பு குறைந்த மேற்படி நபர் எடை அளவைக் கூடத்தின் கண்ணாடி அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கொசுவின் பாதி எடைகூட இல்லாத தகடு ஒன்றை இடுக்கியால் தூக்கித் தராசுத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மில்லிகிராம். தகடு விழவில்லை, தட்டு அதிரவில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு, தகட்டை எடுத்து, மறுபடி வைத்தார். ஒரு தடவை வைத்துப் பார்த்ததை நம்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

கூடத்தில் அவருக்கு மில்லி என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் குடிகாரர் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பிறகு அவர் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று தெரியவரும். உடனே பரிதாபத்தை விட்டுவிட்டுப் பயப்படத் தொடங்குவார்கள். குடிகாரராகவே இருந்திருக்கலாமே என்று அந்த முகங்கள் சொல்லும்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த கதையும் அப்படித்தான். இருபத்தாறு வயதில், மாத்திரை எதற்கு, நான்தான் நன்றாக இருக்கிறேனே என்று நிறுத்திவிட்டார். நன்றாக இருந்தது பத்து நாள். பதினோராம் நாள் கடைத்தெருவில் இறங்கி, தராசுகளுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பதினொரு கடைகளின் தராசுகளைத் திருகு திருகாகக் கழற்றிவிட்டார். உள்ளே யாரும் இல்லை. சிகிச்சை முடிந்து வந்ததும், கழற்றியவனே பூட்டட்டும் என்று கடைக்காரர்கள் ஒன்றுகூடி உத்தரவிட்டார்கள். பூட்டினார். பதினொரு தராசும் முன்பைவிடச் சரியாக எடை காட்டின. கடைக்காரர்கள் அவர் மேல் உண்மையாகவே கோபப்பட்டது அப்போதுதான். ஆனால் தராசு பழுதுபார்க்கிறவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "நாளைலேருந்து என்கூட வா" என்று கூட்டிப்போனார். அங்கிருந்து அளவைக் கூடம்.

நோய் போய்விடவில்லை. அவர் தலைக்குள் ஒரு பெண் குரல் உண்டு. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, உணர்ச்சி கலக்காத, திருத்தமான குரல். 'இவர் இப்போது கதவைத் திறக்கிறார். இவருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.' மில்லி அவளுக்கு அறிவிப்பாளர் என்று பெயர் வைத்திருந்தார். மாத்திரை சரியான அளவில் இருந்தால் அறிவிப்பாளர் அடுத்த ரயில் நிலையத்தில் பேசுகிறவளைப் போலத் தூரத்தில் முணுமுணுப்பாள். அளவு குறைந்தால் காதுக்கே வந்துவிடுவாள். அளவு கூடினால் அவள் வாய் அடைத்துப்போகும், மில்லியின் கை நடுங்கும்.

விஷயமே அந்த நடுக்கம்தான். நான்கு வருடத்துக்கு முன் ஒரு டாக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று அளவை இரட்டிப்பாக்கினார். ஒரு மாதத்தில் இடுக்கியின் நுனி தந்தியடிக்கத் தொடங்கியது. பத்து மில்லி தகடு பூச்சி மாதிரி துள்ளி விழுந்தது. மேலதிகாரி நல்ல மனிதர். கோபிக்காமல் மில்லியைப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார். ஜன்னல் இல்லாத அந்த அறையில் பதினொரு மாதம். இன்னொரு தடவை அங்கே போனால் திரும்பி வரமுடியாது என்று மேலதிகாரி அன்போடு சொல்லியும் வைத்திருந்தார்.

இந்த நிலையில்தான் ஆராய்ச்சி டாக்டர் வந்து சேர்ந்தார்.

ஆராய்ச்சி டாக்டர் கெட்டவர் இல்லை. சுறுசுறுப்பானவர். இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தீமை செய்யமுடியும் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். மனச்சிதைவு உள்ளவர்களின் மூளை ரசாயனமும் மற்றவர்களுடையதும் எப்படி வேறுபடுகின்றன என்று மருத்துவமனையின் புது மெஷினில் படமெடுத்து ஒப்பிடுவது அவர் ஆராய்ச்சி. நோயாளிகள் இருபத்து நான்கு பேர், நலமானவர்கள் இருபத்து நான்கு பேர். நலமானவர்களைத் தேட ஒரு வாரம்கூட ஆகவில்லை. மருத்துவமனை ஊழியர்களையே வரிசையில் நிற்கவைத்துப் படமெடுத்துவிட்டார். நலமானவர்கள் என்பதற்கு அவர்கள் சம்பளப் பட்டியலில் இருந்ததே அத்தாட்சி. அதற்குப் பிறகு மெஷின் பழுதாகி, பாகம் மாற்றி, மறுபடி ஓடத் தொடங்கியது. நோயாளிகள் எல்லாரும் அதற்கப்புறம் வந்தவர்கள்.

டாக்டர் மில்லிக்கு ஒரு தாளில் குழாய் வரைந்து விளக்கினார்.

"டோபமைன்னு ஒரு ரசாயனம். மூளைக்குள்ள ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கு அனுப்புற தபால் மாதிரி. உங்களை மாதிரி ஆட்களுக்கு, உள்ள ஆழத்துல ஒரு இடத்துல இந்தக் குழாய் கொஞ்சம் அதிகமா திறந்திருக்கு. முன்பக்கம் பார்த்தா குறைவாவும் இருக்கலாம்."

"ஒரே ஆளுக்கு ஒரு இடத்துல அதிகம், இன்னொரு இடத்துல குறைவா?"

"ஆமா."

"எல்லாருக்குமா, சராசரியாவா?"

டாக்டர் பேனாவை மூடினார். நோயாளிகள் கேட்கிற கேள்வி இல்லை இது. "சராசரியாதான். ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் மாறும்."

"அப்ப சரி" என்றார் மில்லி. "நூறு கடைத் தராசு பார்த்து சராசரியா இவ்வளவு பிசகுன்னு சொல்லலாம். அதை வெச்சு மூணாவது கடைக்காரரைப் பிடிச்சு உள்ள போட முடியாதுல்ல?"

கூட வந்து அருகில் உட்கார்ந்திருந்த மில்லியின் அக்கா தம்பியின் முழங்காலைத் தட்டினார். அக்கா குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர். நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் காதுக்குள் கத்துவதைக் கேட்டு அவர் சம்பளம் வாங்குகிறார். தம்பி ஒரே ஒரு ஆளின் குரலைக் கேட்டு மாத்திரை வாங்குகிறார். யார் பாடு மேல் என்று வீட்டில் அடிக்கடி வாக்குவாதம் நடக்கும்.

படமெடுத்த நாளில் எல்லாம் முறைப்படி நடந்தது. ஊசி அறையில் சிஸ்டர் கதிர்வீச்சு மருந்தை அளந்து, கையோடு ஊசி போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பது நாற்பது என்று எழுதினார். அந்த மருந்து ஐஸ் கட்டி மாதிரி. அளந்த நிமிடத்திலிருந்து கரைந்துகொண்டே போகும், இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். ஆகவே எத்தனை மணிக்கு அளந்தது, எத்தனை மணிக்குப் படமெடுத்தது என்ற கணக்கை வைத்துத்தான் கம்ப்யூட்டர், மூளை எவ்வளவு இழுத்துக்கொண்டது என்று சொல்லும். இதைச் சிஸ்டரே பெருமையாக விளக்கினார். மில்லி அரை மணி நேரம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். பிறகு முப்பத்தோரு அடி நடத்திக் கூட்டிப்போனார்கள். மெஷின் திரையில் நேரம் பத்து முப்பத்திரண்டு.

பத்து பன்னிரண்டாக அல்லவா இருக்கவேண்டும்?

"சிஸ்டர், அந்த ரூம் கடிகாரமும் இந்த ரூம் கடிகாரமும் ஒத்துப்போகல."

"அதெல்லாம் யோசிக்காதீங்க. கண்ணை மூடிப் படுங்க."

மில்லி கண்ணை மூடினார். சிஸ்டர் குறிப்பேட்டைத் திறந்தார். 'மருத்துவமனைக் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக நோயாளி கூறுகிறார். சமாதானப்படுத்தப்பட்டார்.' பணியில் மிகவும் கருத்தானவர் அந்தச் சிஸ்டர். கடிகாரத்தைத் திரும்பிப் பார்ப்பதைத் தவிர, செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தார்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் வண்ணப் படம், பக்கத்தில் சிஸ்டரின் குறிப்பு.

"மத்தவங்களைவிட உங்க குரூப்புக்கே பதினெட்டு சதவீதம் அதிகம். ரொம்ப அருமையான ரிசல்ட். அதுல உங்களோடது மேல் வரிசை."

"அருமைன்னா யாருக்கு டாக்டர்?" என்றார் அக்கா.

"சயின்ஸுக்கு." டாக்டர் சிரித்தார். "கூடவே புதுசா ஒரு அறிகுறி. கடிகாரங்கள் முரண்படுதுன்னு சொல்லியிருக்கீங்க. படமும் அதையே சொல்லுது, பேச்சும் அதையே சொல்லுது. டோஸை டபுளாக்கிடுவோம். வேலை செய்யுற இடத்துக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்துடறேன், கஷ்டமான வேலை தரமாட்டாங்க."

மில்லி தன் கைகளைப் பார்த்தார். அவை மேஜைமேல் அசையாமல் இருந்தன.

"கை நடுங்கும் டாக்டர்."

"நடுக்கத்துக்குத் தனியா ஒரு மாத்திரை இருக்கு."

"அதைப் போட்டா?"

"கொஞ்சம் மறதி வரலாம். அதுக்கும் பார்த்துக்கலாம்."

"ஒரு வாரம் டைம் கொடுங்க" என்றார் அக்கா, தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குச் சொல்கிற அதே குரலில். டாக்டர் திங்கள்கிழமை வரை கொடுத்தார்.

வெளியே வந்ததும் அக்கா பொரிந்து தள்ளினார். "உனக்கு வாய் சும்மா இருக்காதாடா? ஊசி போட்டாங்களா, படுத்தோமா, எழுந்தோமான்னு வரக்கூடாது? ஆஸ்பத்திரி கடிகாரம் எப்படிப் போனா உனக்கென்ன?"

"அக்கா, நான் பார்த்தது நிஜமா இல்லையான்னே எனக்குத் தெரியல."

அக்கா நின்றுவிட்டார். கோபத்துக்கு இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

மில்லி சொன்னது உண்மை. நலமானவர்கள் தங்கள் கண்ணை நம்புவார்கள். அது அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த வசதி. மில்லிக்கு அந்த வசதி கிடையாது. தராசுக்குள் ஆள் இருப்பதையும் ஒரு காலத்தில் அவர் இதே கண்ணால்தான் பார்த்திருந்தார். இரண்டு நாளாக அறிவிப்பாளர் வேறு, 'கடிகாரங்கள் சரியாக உள்ளன. இவர்தான் பிசகிவிட்டார்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அறிவிப்பாளரும் டாக்டரும் ஒரே கட்சி. இதுவே மில்லிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. பதினேழு வருடத்தில் அவள் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று கூடத்தில் ஒரு முறை இருக்கிறது. சோதிக்கவேண்டிய கல்லை மட்டும் நிறுத்துவிட்டுப் போகக்கூடாது. முதலில் மூல எடைக்கல், பிறகு சோதனைக் கல், மறுபடி சோதனைக் கல், கடைசியில் மறுபடி மூலக் கல். நடுவில் தராசு சூடேறினாலும், காற்று வீசினாலும், நிறுக்கிறவனுக்கே கிறுக்குப் பிடித்தாலும், இந்த நான்கு எடையில் அது காட்டிக்கொடுத்துவிடும். நிறுக்கிறவனின் கிறுக்கு பற்றி விதிமுறைப் புத்தகத்தில் இல்லை. அது மில்லி தானாகச் சேர்த்துக்கொண்டது.

திங்கள்கிழமை காலை அவர் கூடத்தில் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்து, சான்றளிக்கப்பட்ட நிறுத்துக் கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அக்கா அரை நாள் விடுப்புப் போட்டார்.

டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. மில்லி ஊசி அறை வாசலில் நின்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினார். எழுதினார். முப்பத்தோரு அடி நடந்தார். மெஷின் அறையின் கண்ணாடி வழியே திரையைப் பார்த்தார். எழுதினார். திரும்பி வராந்தாக் கோடிவரை போய்வந்து, மறுபடி அதே திரையைப் பார்த்தார். எழுதினார். முப்பத்தோரு அடி திரும்பி நடந்து, மறுபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

சிஸ்டர் குறிப்பேட்டைத் திறந்தார். 'இரு அறைகளுக்கும் இடையே காரணமின்றி மீண்டும் மீண்டும் நடக்கிறார். கடிகாரங்களை உற்றுப் பார்க்கிறார். கையில் ஒரு கருவி.' கடைசி வாக்கியத்தை எழுதியதும் அவருக்கே பயமாகிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தார்.

டாக்டர் படியேறி ஓடி வந்தார். "என்ன பண்றீங்க?"

"நாலு எடை போட்டேன் டாக்டர்" என்றார் மில்லி. "ரெண்டு ரூமுக்கும் இருபது நிமிஷம் வித்தியாசம். நாலு தடவையும் அதேதான். என்னைப் பத்தி இல்ல. கடிகாரத்தைப் பத்தி."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். நோயாளி பேசும்போது உடன் வந்தவரைப் பார்ப்பது அந்த மருத்துவமனையின் மரபு. "எப்பலேருந்து இப்படி இருக்கார்?"

"டாக்டர், உங்க போன்ல என்ன மணி?"

"என்னம்மா கேக்கறீங்க?"

"மணி கேக்கறேன். புகார் வந்தா முதல்ல நேரத்தைக் குறிச்சுக்கணும்னு எங்க ஆபீஸ்ல சட்டம்."

டாக்டர் பாவம், பார்த்தார். "ஒன்பது பத்து."

"அந்தக் கண்ணாடி வழியா கொஞ்சம் எட்டிப் பாருங்க."

டாக்டர் எட்டிப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார். பிறகு ஊசி அறைவரை போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு, திரும்பவும் கண்ணாடிக்கே வந்தார். அவரும் தெரியாமலே நான்கு எடை போட்டுவிட்டார். சிஸ்டர் குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை.

மெஷின் அறைக்குள்ளிருந்து டெக்னீஷியன் தலையை நீட்டினார். "என்ன சார், என்ன பிரச்சினை?"

"மெஷின்ல மணி தப்பா இருக்கு. யார் மாத்தினது?"

"தப்பெல்லாம் இல்ல சார். இருபது நிமிஷம் ஃபாஸ்ட், அவ்வளவுதான்." டெக்னீஷியன் மணிக்கட்டைக் காட்டினார். "பாகம் மாத்தினப்போ மணி வைக்கச் சொல்லிச்சு. என் வாட்சைப் பார்த்து வெச்சேன்."

"உங்க வாட்ச் ஏன் ஃபாஸ்ட்டா இருக்கு?"

"நாலு நாப்பது பஸ்ஸு சார். சரியான மணி வெச்சா எப்பவும் தவறவிட்டுடுவேன். பதினாலு வருஷமா இப்படித்தான்."

"அப்ப, மணி தப்புன்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும். தெரிஞ்சுதானே வெச்சிருக்கேன். ஃபாஸ்ட்டா இருக்குன்னு தெரிஞ்சாலும் பார்க்கும்போது பதறும் பாருங்க, அதுலதான் பஸ்ஸைப் பிடிக்கறது."

பொய்யான நேரம் என்று தெரிந்தே அதை நம்பி, தினமும் பதறி ஓடுகிற இந்த மனிதர், இருபத்து நான்கு நலமானவர்களில் ஒருவர். ஏழாம் எண்.

மற்றது கணக்கு. மெஷினின் கடிகாரம் இருபது நிமிடம் முந்தியதால், மருந்து அதிகம் கரைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. இவ்வளவு கரைந்த பிறகும் இத்தனை தெரிகிறதே, அப்படியானால் இந்த மூளைகள் அள்ளி அள்ளி இழுத்திருக்கவேண்டும் என்று நோயாளிகள் ஒவ்வொருவர் பேரிலும் ஏற்றி எழுதிவிட்டது. நலமானவர்கள் பாகம் மாற்றுவதற்கு முன்பே படமெடுத்துக்கொண்டு போய்விட்டதால் தப்பித்தார்கள். டாக்டர் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டார். பதினெட்டு சதவீதம் நாலாகச் சுருங்கியது. நாலு இருக்கத்தான் செய்தது. அதை மில்லியும் மறுக்கவில்லை. குழாய் கொஞ்சம் திறந்துதான் இருக்கிறது, இல்லாவிட்டால் அறிவிப்பாளர் எங்கிருந்து வருகிறாள் என்றார். ஆனால் புது வரைபடத்தில் அவருடைய புள்ளி நலமானவர்களின் கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குச் சற்று மேலே இருந்த புள்ளியை டெக்னீஷியன் விரலால் தொட்டு, "இது நான்" என்று எல்லாரிடமும் காட்டினார். அதில் என்ன பெருமை என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மாத்திரையின் அளவு கூடவில்லை. "இப்ப இருக்கறதே இருக்கட்டும்" என்று டாக்டர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் இழுப்பறைக்குள் தள்ளினார், கிழிக்கவில்லை. கோப்பிலிருந்த சிஸ்டரின் குறிப்பையும் அடிக்க முடியாதாம், விதி இடம் கொடுக்காது. அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்கள்: 'கடிகாரங்கள் குறித்த நோயாளியின் எண்ணம் உண்மையெனக் கண்டறியப்பட்டது. எண்ணம் தொடர்கிறதா எனக் கவனிக்கவும்.'

ஆராய்ச்சிக் கட்டுரை அடுத்த வருடம் வெளிவந்தது. நேரக் கணக்கைச் சீராக்க உதவியமைக்காகக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லியிருந்தார்கள், டெக்னீஷியனுக்கு. அக்கா அதைப் படித்துவிட்டு நாள் முழுக்கப் புகார் சொல்லப் போனில் கூப்பிட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார்.

"உன் பேர் எங்கேடா?"

"என் பேர் அதுல வரக்கூடாதுக்கா. நான் நோயாளி நம்பர் பத்தொன்பது. ரகசியம்."

அந்தத் திங்கள்கிழமை அவர் செய்தது இவ்வளவுதான். முப்பத்தோரு அடி தூரத்தில் இருந்த இரண்டு கடிகாரங்களையும் நான்கு முறை பார்த்தார். வித்தியாசம் இருபது நிமிடம் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பிறகு பஸ் ஏறிக் கூடத்துக்குப் போய், நிறுத்துக் கடிகாரத்தைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு, மதியத்துக்குள் ஒன்பது எடைக்கற்களைச் சரிபார்த்தார்.